மகளின் சைக்கிளுக்கு ஆறுதலான சில்லு

எங்கள் வீட்டில் எதையும் நடுத்தர விலைக்குத்தான் வாங்குவோம். மலிவானதை வாங்கினால் சீக்கிரமே பல்லை இளித்துவிடும், விலை கூடியதை வாங்கினால் தொட்டுப் புழங்கவே பயமாக இருக்கும் என்பது என் கணவரின் கட்சி. குளிர்சாதனப் பெட்டி, குடை, கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகிற பரிசு, ஏன், மீன்கூட எங்களுக்கு நடுத்தர மீன்தான். ஆகவே சைக்கிளுக்குப் புது வீல் வாங்குவதென்று முடிவானபோது விலையைப் பற்றி வீட்டில் சண்டை வரவில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் வந்தது.

முதல் சண்டை பெயரில். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அவருக்கு அது சில்லு. நான் கண்டியில் பிறந்து வளர்ந்த மலையகத்துக்காரி, எனக்குச் சில்லு என்றால் பாண்டி விளையாடும்போது எறிகிற ஓட்டுத்துண்டு. தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த என் அப்பாவுக்கு உருளுகிற எல்லாமே ரோதை. நான் கணக்கு டீச்சர் என்பதால் பொதுவாக வீல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். "சில்லெண்டு சொன்னா வாய் வலிக்குமோ உமக்கு?" என்று அவர் கேட்பார். வலிக்காது, ஆனால் விட்டுக்கொடுத்தால் அடுத்ததாகக் கருவாட்டுக் குழம்பிலும் கைவைப்பார் என்று எனக்குத் தெரியும்.

சைக்கிள் எங்கள் இருவருடையதும் அல்ல, மகளுடையது. ஜப்பானில் யாரோ ஓட்டி, கொள்கலனில் ஏறி, இங்கே ஒரு பழைய சாமான் கடையில் இறங்கிய ரேஸ் சைக்கிள். வளைந்த கைபிடி, ஒல்லியான டயர், நீல நிறம். பேராதனையில் பொறியியல் படித்த காலத்தில் அதை வாங்கி, எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டிலிருந்து ஆற்றோரப் பாதையால் கம்பஸுக்குப் போய்வருவாள். பிறகு மேற்படிப்புக்கு அவுஸ்திரேலியா போனாள். "அம்மா, சைக்கிள வித்துறாதீங்க, படிப்பு முடிஞ்சதும் வந்து ஓட்டுவேன்" என்றாள். அவள் என்னோடு பேசினால் என் தமிழ், அப்பாவோடு கதைத்தால் அவருடைய தமிழ். பிறந்த நாளிலிருந்தே இரண்டு பக்கமும் சமாதானம் பேசிய பிள்ளை.

அவள் போனதும் சைக்கிள் விறாந்தையில் நின்றது. ஒரு நாள் என் கணவர் அதைச் சுற்றி வந்து, டயரை விரலால் அமுக்கிப் பார்த்து, வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். "உப்பிடி ஒரே இடத்தில நிண்டா டயர் வெடிச்சுப்போம். ஆரும் உருட்ட வேணும்." அவருக்கு முழங்கால் சரியில்லை. ஆகவே உருட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. முதலில் முற்றத்தில் உருட்டினேன். பிறகு ஒழுங்கை முனைவரை உருட்டினேன். உருட்டுகிறவள் ஏறினால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. மலையில் வளர்ந்த எங்களுக்குச் சைக்கிள் என்பது தள்ளிக்கொண்டு ஏறுகிற ஒரு சாமான், சின்ன வயதில் நான் ஏறியதே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு டீச்சர் பாடசாலை விடுமுறையில் மைதானத்தில் விழுந்து எழும்பியதைக் காவல்காரர் மட்டுந்தான் பார்த்தார். நல்ல மனிதர், ஒரு நாளும் வெளியில் சொல்லவில்லை. என்னைக் கண்டால் மட்டும் இன்றைக்கும் திரும்பி நின்று சிரிப்பார்.

டயரின் நலனுக்காக நான் எவ்வளவு தூரம் போனேன் என்று நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. முதலில் ஆற்றோரப் பாதை. பிறகு பேராதனை. பிறகு ஞாயிறு காலைகளில் குருநாகல் வீதியால் கலகெதரவரை போய், அங்கே ஒரு கடையில் இனிப்புப் பணிஸ் ஒன்றைத் தின்று, பால் விடாத பிளேன்டீயும் குடித்துவிட்டுத் திரும்புவேன். யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "மகளோட சைக்கிள், சும்மா நின்னா கெட்டுப்போகும்." கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். நானும் அதை நம்பினேன் என்பதுதான் விசேஷம். அந்த இரண்டு மூன்று மணித்தியாலம் மட்டுந்தான் வாரத்தில் எனக்கு மூச்சு விடுகிற நேரம். வீட்டில் அவளுடைய அறைக் கதவைத் தாண்டித்தான் குசினிக்குப் போகவேண்டும், ரோட்டில் அப்படி ஒரு கதவும் இல்லை.

அப்போதுதான் கை மரத்துப்போகத் தொடங்கியது. கலகெதர ஏற்றத்தில் ஏறும்போது சுண்டுவிரலும் அடுத்ததும் காணாமல் போகும். திரும்பி வந்தால் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாது. திங்கட்கிழமை வகுப்பில் பலகையில் எழுதும்போது சோக்கட்டி கையிலிருந்து விழுந்தது, பிள்ளைகள் எடுத்துத் தந்தார்கள், மறுபடியும் விழுந்தது. என் கணவர் பேராதனை ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர். தனக்குத் தெரிந்த ஒரு ஃபிசியோதெரபிப் பெண்ணிடம் கூட்டிப்போனார். அவள் என் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, ரோட்டின் அதிர்வெல்லாம் கைக்குத்தான் வருகிறது, ஒன்று சைக்கிளைச் சொகுசாக்குங்கள், இல்லையென்றால் நிப்பாட்டுங்கள் என்றாள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் அது ஒரு மிரட்டல்தான்.

நிப்பாட்ட முடியாது. அது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் மாற்றுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. எண்ணெய் விடுவது, துடைப்பது, உருட்டுவது எல்லாம் பராமரிப்பு. மகள் வந்து ஏறினால் அவள் விட்டுப்போன சைக்கிளாகவே இருக்கும். என் கைக்கு ஏற்றமாதிரி வீலை மாற்றினால் அது என் சைக்கிள் ஆகிவிடும். என் சைக்கிள் ஆகிவிட்டால் அவள் எதற்குத் திரும்பி வருவாள்? கணக்கு டீச்சருக்கு இது கணக்கே இல்லை என்று தெரியும். இருந்தாலும் பல இரவு இதைத்தான் போட்டுக் குழப்பிக்கொண்டு கிடந்தேன். கடைசியில் என் கணவர்தான் வழி சொன்னார்: "பழைய சில்லை எறியாதையும். பிள்ளை வரேக்க கழட்டிப் பூட்டிக் குடுப்பம்." அந்த ஒரு வசனத்துக்காக சில்லுச் சண்டையில் அவர் மேலிருந்த பாதிக் கோபத்தை விட்டுவிட்டேன்.

பிறகு தொடங்கியது ஆராய்ச்சி. இணையத்தில் தாடி வைத்த பையன்கள் வீலைத் தராசில் வைத்து நிறுத்துக் காட்டுகிறார்கள். இந்த வீல் அதைவிட இருநூறு கிராம் குறைவு என்று கண்கலங்கிச் சொல்கிறார்கள். இருநூறு கிராம் என்பது நான் கலகெதரவில் சாப்பிடும் பணிஸ்தான். அதைக் குறைக்க இவ்வளவு விலை கொடுப்பதைவிடச் சாப்பிடாமல் இருக்கலாம், ஆனால் நான் போவதே பாதி அதற்காகத்தான். கார்பன் வீலைப் பார்த்தோம், விலையைப் பார்த்ததும் இருவரும் ஒற்றுமையாகத் தொலைபேசியை மூடினோம். உயரமான ரிம் பார்க்க அழகுதான், பக்கக் காற்றடித்தால் ஆளைத் தள்ளுமாம். லொறி ஒன்று உரசிப் போகும்போது குருநாகல் வீதியில் தள்ளப்பட எனக்கு விருப்பமில்லை.

என் கணவர் கம்பிக் கட்சி. "சில்லில கம்பி கூட இருக்க வேணும். எங்கட ஊரில ஒரு சைக்கிள்ல நெல்லு மூட்டை, மனிசி, ரெண்டு பிள்ளை எல்லாம் போகும். என்ன காரணம்? கம்பி." யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் சைக்கிளின் கரியரில்தான் பிறந்தார்கள் என்ற நினைப்பு அவருக்கு. நான் நெல்லு மூட்டை ஏற்றப்போவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் விசாரித்ததில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கம்பி குறைந்த வீலில் ஒன்று அறுந்தாலே ரிம் நெளிந்து பிரேக்கில் உரசும், வீடு வந்து சேர முடியாது. கம்பி கூடியதென்றால் ஒன்று போனாலும் ஊர்ந்து வந்துவிடலாம். அவர் சரி என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டில் இருந்திருக்க ஏலாது.

நான் அகலக் கட்சி. மகளுடைய பழைய ரிம் குறுகல், அதில் கோடு மாதிரி ஒரு டயர். அதற்குக் கல்லாகக் காற்றடிக்காவிட்டால் பள்ளத்தில் ரிம் அடிபடும். கல்லாக அடித்தால் நம் பல் அடிபடும். ரிம்மின் உள்ளகலம் கூடினால் டயர் கால்நீட்டி உட்காரும், காற்றைக் குறைத்து அடிக்கலாம், பள்ளம் மேடெல்லாம் டயரோடு நின்றுவிடும். சைக்கிளில் இருபத்தெட்டு மில்லிமீற்றர் டயருக்குத்தான் இடமிருந்தது. அதுவே எனக்குப் பஞ்சு மெத்தை. ஆக, அலுமினிய ரிம், உள்ளே அகலம், நிறையக் கம்பி, நடுவில் கண்டி மழைக்குத் தண்ணீர் இறங்காத ஹப், விலை நடுத்தரம். இரண்டு கட்சியும் கூட்டணி வைத்த அபூர்வமான நாள் அது.

கடை அக்குறணையில். முஸ்லிம் வியாபாரிகளின் ஊர், அங்கே இல்லாத சாமான் இல்லை. சனிக்கிழமை காலை நானே சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனேன். என் கணவர் முதல்நாளே கடைக்குப் போன் எடுத்துச் சொல்லிவைத்திருந்தது எனக்குத் தெரியாது.

உள்ளே போனேன். கூரையிலிருந்து டயர்கள் தொங்கின. கடைக்காரர் என்னைக் கண்டதும் எழும்பி, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். ஒரு கதிரையைத் துடைத்து வைத்தார்.

"கண்டியால வந்த டீச்சர்தானே? இரிங்க டீச்சர். பிளேன்டீ ஒண்டு குடிங்க." குரலைத் தாழ்த்தினார். "ஐயா நேத்து போன்ல சொன்ன. மிச்சம் கவலயாப் போச்சி."

மரத்த கைக்காகச் சைக்கிள் வியாபாரத்தில் இவ்வளவு இரக்கமா என்று எனக்கு ஆச்சரியம். "பரவால்லங்க," என்றேன்.

"எவ்வளவு காலம் டீச்சர்?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். மொதல்ல கைதான் மரத்துப்போச்சு."

அவர் தலையை ஆட்டினார். "அப்பிடித்தான் டீச்சர். எங்கட உம்மா மவுத்தான நேரம் எனக்கும் கைகால் மரத்துத்தான் போன. ஒரு மாசம் கடை தொறக்கல்ல."

நான் பிளேன்டீயைக் கீழே வைத்தேன். "உங்க உம்மாவுக்கும் என் கைக்கும் என்னங்க சம்பந்தம்? எங்க வீட்டுல யாரும் சாகலயே."

அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஐயாதானே சொன்ன, என்ட மனிசி நாளைக்கி வாறா, அவவுக்கு இப்ப வேண்டியது ஆறுதல்தான், அதப் பார்த்துச் செய்யுங்கோ எண்டு."

எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு சிரித்தேன், தொங்கிய டயரெல்லாம் ஆடுகிறமாதிரி சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் ஆறுதல் என்றால் அவசரமில்லாமை. ஆறுதலா வாங்கோ, ஆறுதலா சாப்பிடுங்கோ என்பார்கள். கல்யாணமான புதிதில் மாமியார் என்னிடம் "ஆறுதலா இரும் பிள்ளை" என்றபோது, எனக்கு என்ன குறை வந்துவிட்டது என்று நானே அரண்டிருக்கிறேன். அவசரமில்லாமல் சொகுசாக ஓட ஒரு வீல் கொடுங்கள் என்று மனிதர் கேட்டிருக்கிறார். இங்கே இழவு வீட்டுக்கு ஆயத்தம் நடந்திருக்கிறது.

விளக்கிச் சொன்னேன். அவரும் சிரித்தார், பாதி வெட்கம். "அப்ப வீட்டுல எல்லாரும் சுகந்தானே டீச்சர்?"

"எல்லாரும் சுகந்தான். மக மட்டும் அவுஸ்திரேலியா போயிட்டா. இது அவளோட சைக்கிள்."

இதை நான் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். சொன்னதும் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: நல்ல விசயம், சந்தோசம், அங்கேயே நிரந்தரமாகிவிடச் சொல்லுங்கள். அவள் போகும்போது கேக் வெட்டினோம். ஆட்கள் பரிசோடு வந்தார்கள். சாவு வீடென்றால் வந்து கையைப் பிடிப்பார்கள், பிள்ளை நாட்டை விட்டுப் போனால் கையைக் குலுக்குவார்கள். நானும் எல்லாருடைய கையையும் குலுக்கி, கேக்கை அளவாக வெட்டிக் கொடுத்தேன். நன்றாக வெட்டுகிறேன் என்று பாராட்டுக்கூடக் கிடைத்தது.

கடைக்காரருக்கு அந்த வாழ்த்து வாயில் வரவில்லை. காலையிலிருந்து ஆறுதல் சொல்ல ஆயத்தமாக இருந்தவர், அதை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டாமா. "அது பெரிய கஷ்டம் டீச்சர்," என்றார். "புள்ள இல்லாத வீடு."

அவ்வளவுதான். நான் அழுதேன். சைக்கிள் கடையில், பம்புகளுக்கும் மணிகளுக்கும் நடுவில், கணக்கு டீச்சர் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவர் பாட்டை மறுபடி போடவும் தெரியாமல், என்னைப் பார்க்கவும் தெரியாமல், ஒரு வீலைக் கையில் எடுத்துச் சுழற்றிவிட்டுக்கொண்டே நின்றார். வீல் நின்றதும் மறுபடி சுழற்றினார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது.

அழுது முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சுழலும் வீலுக்குக் கம்பி எத்தனை என்று கேட்டேன். அவர் எனக்கு மூன்று ஜோடி காட்டினார். ஒன்று பளபளப்பு, கம்பி போதாது. இன்னொன்றைச் சுழற்றிவிட்டதும் ஹப் வெட்டுக்கிளி மாதிரிக் கத்தியது. இளம் பையன்கள் அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறார்களாம். வகுப்பில் கேட்கிற சத்தம் எனக்குப் போதும். மூன்றாவது கறுப்பு, அடக்கமானது, கம்பி நிறைய, ரிம் அகலம், சத்தமில்லை. விலையும் நடுவில் இருந்தது. அதையே அகல டயரோடு பூட்டச் சொன்னேன். பழைய ஜோடியைக் கடையில் போட்டுவிட்டுப் போகிறேனா என்று கேட்டார். என் குரல் ஏறிவிட்டது. அவர் அதைப் பேப்பரில் சுற்றி, கண்டிப் பக்கம் போகிற ஒரு த்ரீவீலில் ஏற்றி அனுப்பினார்.

திரும்பி வந்த பாதை போன பாதையே இல்லை. காலையில் ஒவ்வொரு குழியும் என் தாடைவரை வந்து பெயர் சொல்லிவிட்டுப் போனது. இப்போது குழி வருவதைக் கண்ணால் பார்க்கிறேன், கைக்கு மட்டும் செய்தி வரவில்லை. அலவத்துகொடைப் பக்கமிருந்து வந்த ஒரு பஸ் என் காதருகில் ஹோர்ன் அடித்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அது எனக்கே புதினம். அடுத்த ஞாயிறு கலகெதர போய்வந்தேன். விரல்கள் முழுக்கக் காணாமல் போகவில்லை, கடைசிப் பக்கம் கொஞ்சம் மரத்தது. முதுகு கொஞ்சம் வலித்தது. முன்னைய கணக்கில் அது கால்வாசி. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் மகள் வீடியோவில் வந்தாள். என் கணவர் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினார். "இஞ்ச பார் பிள்ளை, அம்மாவின்ர புதுச் சில்லு. எண்ணிப் பார், எவ்வளவு கம்பி." பிறகு அவசரமாக, "உன்ர பழைய சில்லு பத்திரமா இருக்கு. உன்ர அலுமாரிக்கு மேல வச்சிருக்கிறன். நீ வரேக்க மாத்திக் குடுப்பன்."

அவள் சிரித்தாள். "அப்பா, அதை ஆருக்கும் குடுத்திடுங்கோ. நான் வந்தா ரெண்டு கிழமை நிப்பன். ரெண்டு கிழமைக்கு ஆரும் சில்லுக் கழட்டிப் பூட்டுவினமோ?" பிறகு என் பக்கம் திரும்பி, என் தமிழில் சொன்னாள்: "அது ஒங்க சைக்கிள்தானேம்மா."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். வந்தால். இரண்டு கிழமை. விருந்தாளிகள்தான் அப்படி வருவார்கள். என் கணவர் தொலைபேசியைப் பிடித்தபடியே வீலைப் பார்த்துக்கொண்டிருந்தார், கம்பியை எண்ணுகிறவர் மாதிரி. அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது, எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒருவருக்காக ஒருவர் தெரியாததுபோல் இருந்திருக்கிறோம். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, நியாயமில்லாத கோபம். அதை விழுங்கிவிட்டு ஏதாவது சொல்லவேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

"அப்ப சீட்ட எறக்கிக்கிறேன்," என்றேன்.

"என்னம்மா?"

"சீட்டு. நீ வச்ச உசரத்துலதான் இருக்கு. ஒனக்குக் கால் நீளம், எனக்கு எட்டாது. எட்டி எட்டித்தான் மிதிக்கிறேன்."

திரையில் அவள் சிரிப்பு நின்றது. அவளுக்கும் சைக்கிள் தெரியும். இருக்கை உயரமாக இருந்தால் பாரமெல்லாம் கைக்குத்தான் போகும் என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. "இவ்வளவு காலமும் எறக்காமயா ஓட்டுனீங்க?" என்று கேட்டாள். அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள், கொஞ்ச நேரம் அவளுடைய தோள் மட்டும் தெரிந்தது.

என் கணவர் தொலைபேசியைப் பூச்சாடியில் சாய்த்துவைத்துவிட்டு ஸ்பானர் சாவியை எடுத்துவந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சீட்டுக்குக் கீழிருந்த திருகாணியைத் தளர்த்தி, சீட்டைக் கொஞ்சமாக இறக்கினார். நான் ஏறி உட்கார்ந்தேன். கால் பெருவிரல் மட்டும் தரையில் பட்டது.

"இன்னும் கொஞ்சம் எறக்குங்கோப்பா," என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அம்மா கட்டை."

அவர் இன்னும் கொஞ்சம் இறக்கினார்.